ஐந்தாம் மாதத்தில் இன்னும் அழணுமா?

யூதப் பண்டிகைகளை மாதவாரியாக எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பஸ்கா வசந்த காலத்தில் வருகிறது. பெந்தெகொஸ்தே கோடையின் வாசலில். கூடாரப் பண்டிகை இலையுதிர் காலத்தில். நடுவே ஜூலை, ஆகஸ்டில் மோசேயின் சட்டம் சொல்லும் பண்டிகை ஒன்றுகூடக் கிடையாது. அந்த இடத்தில் இருப்பது துக்கம்.

தம்மூஸ் மாதம் 17-ஆம் தேதி ஒரு விரதம். ஆவ் மாதம் 9-ஆம் தேதி இன்னொன்று. இடைப்பட்ட மூன்று வாரமும் கல்யாணம் வைப்பதில்லை. ஆவ் பிறந்ததும் பலர் இறைச்சியையும் திராட்சை ரசத்தையும் நிறுத்திவிடுவார்கள், ஓய்வுநாள் மட்டும் விதிவிலக்கு. ஆவ் 9 வந்துவிட்டால் சூரியன் மறைவதிலிருந்து மறுநாள் இருட்டும் வரை, ஏறக்குறைய 25 மணி நேரம், சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. குளியல் கிடையாது, தோல் செருப்பு கிடையாது. தரையில் உட்கார்ந்து புலம்பல் ஆகமம் வாசிப்பார்கள். ஜெருசலேமின் கோடை வெயிலில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஏன் கோடையில்? ஜெருசலேம் ஆலயம் இரண்டு முறையும் கோடையில்தான் எரிந்தது. கி.மு. 586-இல் பாபிலோனியர், கி.பி. 70-இல் ரோமானியர். தேதி விஷயத்தில் சுவாரசியமான சிக்கல் ஒன்று உண்டு. முதல் அழிவை இராஜாக்கள் புத்தகம் ஐந்தாம் மாதம் 7-ஆம் தேதி என்கிறது, எரேமியா 10 என்கிறது. எதிரி நுழைந்தது 7-இல், தீ வைத்தது 9-ஆம் தேதி சாயங்காலம், எரிந்து முடிந்தது 10-இல் என்று தல்மூத் சமாதானம் சொல்கிறது. விரதத்துக்கு நிலைத்தது தீ பற்றிய நாள்.

யூத மாதங்கள் நிலவை வைத்து நடப்பவை. சூரிய ஆண்டைவிட வருஷத்துக்குச் சுமார் 11 நாள் குறையும். அப்படியே விட்டால் இந்த விரதம் நகர்ந்து நகர்ந்து குளிர்காலத்துக்குப் போயிருக்கும். 19 வருஷத்துக்கு 7 மாதம் கூடுதலாகச் சேர்த்து அதைச் சரிக்கட்டுகிறார்கள். பஸ்கா வசந்தத்தில் வரணும் என்பதற்காகச் செய்த ஏற்பாடுதான், ஆனால் துக்கத்தையும் அது வெயிலோடு கட்டிப்போட்டுவிட்டது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. இந்த விரதம் இன்னும் தேவையா என்ற கேள்வி கிட்டத்தட்ட விரதம் அளவுக்கே பழையது. கி.மு. 518-இல், இரண்டாம் ஆலயத்தைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சிலர் வந்து கேட்கிறார்கள்: இத்தனை வருஷமாகச் செய்ததுபோல ஐந்தாம் மாதத்தில் இன்னும் அழணுமா? சகரியா தீர்க்கதரிசி ஆமாம், இல்லை என்று நேரடியாகச் சொல்லவில்லை. நீங்கள் நோன்பிருந்தது யாருக்காக என்று திருப்பிக் கேட்கிறார். நியாயமாக நடங்கள், விதவையையும் அநாதையையும் ஒடுக்காதீர்கள் என்கிறார். இந்த விரதங்கள் ஒருநாள் கொண்டாட்டமாக மாறும் என்றும் சொல்கிறார்.

அந்த ஆலயமும் எரிந்தது. அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, மிஷ்னாவைத் தொகுத்த யூதா ஹனாசி தம்மூஸ் 17 அன்று செப்போரிஸ் ஊர்க் குளியலறையில் ஊரறியக் குளித்தாராம். ஆவ் 9 விரதத்தையே எடுத்துவிடப் பார்த்தார், மற்ற அறிஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறது தல்மூத். அங்கேயே ஒரு மறுப்பும் பதிவாகியிருக்கிறது: அந்த வருஷம் 9 ஓய்வுநாளில் விழுந்து விரதம் தள்ளிப்போனது, அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் விடச் சொன்னார் என்று. எது நடந்ததோ, அவ்வளவு பெரிய மனிதர் கேட்டும் விரதம் அசையவில்லை.

அதன்பின் அழக் காரணங்கள் கூடிக்கொண்டே போயின. வார்சா கெட்டோவிலிருந்து யூதர்களைக் கூட்டம் கூட்டமாக மரண முகாமுக்கு ஏற்றத் தொடங்கியது 1942 ஜூலை 22. அன்று சாயங்காலம்தான் ஆவ் 9 தொடங்கியது.

1967 போரில் பழைய ஜெருசலேம் இஸ்ரேல் கைக்கு வந்ததும் கேள்வி மறுபடி கிளம்பியது. ஆவ் 9 பிரார்த்தனை ஒன்று அந்த நகரத்தைப் பிள்ளைகளை இழந்து பாழாய்க் கிடப்பதாக வர்ணிக்கிறது. கண்ணெதிரே ஊர் நிரம்பியிருக்க, கடவுளிடம் பொய் சொல்லலாமா? ஹாயிம் டேவிட் ஹலேவி என்ற ரப்பி அதை இறந்த காலத்துக்கு மாற்றினார். ஓவாதியா யோசேப் போன்றவர்கள் மாற்றக் கூடாது என்றார்கள். ஆலயம் இல்லாதவரை பாழ் பாழ்தான் என்பது அந்தத் தரப்பின் வாதம்.

இரண்டு தரப்பும் அன்றைக்குச் சாப்பிடுவதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை. வாக்கியத்தின் காலத்தில்தான் தகராறு. சகரியாவின் எதிர்க்கேள்விக்கு இரண்டு பேருமே இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த விரதம் முடிந்து ஆறாவது நாள், ஆவ் 15. அன்று ஜெருசலேம் பெண்கள் இரவல் வாங்கிய வெள்ளை உடுப்பில் திராட்சைத் தோட்டங்களில் ஆடுவார்கள் என்கிறது மிஷ்னா. வசதி இல்லாதவள் கூச்சப்படக் கூடாது என்பதற்காகவே எல்லோருக்கும் இரவல் உடுப்பு. அதைப் பற்றித் தனியாக எழுதணும்.