ஒரே தீவில் ஒரு நாடு... இலங்கையின் கடல் எல்லை எங்கே தொடங்குது? புதுக்கோட்டை மீனவர்களுக்கு அது ஏன் முக்கியம்?

புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்தில் இருந்து கடலுக்குப் போன மீனவர்கள் கைதானா, செய்தியில் அடிக்கடி வரும் வரி: "நெடுந்தீவு அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது..." இலங்கைதான் ஒரே தீவு நாடாச்சே, அப்போ இந்த நெடுந்தீவு எங்கிருந்து வந்தது?

ஒரே தீவு நாடுன்னா என்ன?

நாட்டின் நிலப்பரப்பு கிட்டத்தட்ட முழுவதும் ஒரே தீவில் இருக்கும் நாடுகள் இவை. மடகாஸ்கர், ஐஸ்லாந்து, ஜமைக்கா, இலங்கை எல்லாம் இந்த ரகம். நவ்ரு நாடு முழுக்கவே சுமார் 21 சதுர கி.மீ. கொண்ட ஒரே தீவுதான். மாலத்தீவு இதற்கு நேரெதிர். அங்கே சுமார் 1,200 தீவுகள்.

இலங்கையின் மொத்தப் பரப்பு 65,610 சதுர கி.மீ. இதில் பெரும்பகுதி ஒரே தீவு. மீதி? மன்னார் தீவு, யாழ்ப்பாணத்தை ஒட்டிய வேலணை, காரைநகர், புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு போன்ற சிறு தீவுகள். மேப்பில் இவை வெறும் புள்ளிகள். ஆனா, பாக் நீரிணையில் கதையே இந்தப் புள்ளிகள்தான்.

சின்ன தீவுக்கும் கடல் சொந்தமா?

ஆமாம். சர்வதேச கடல் சட்டப்படி, தீவு சின்னதோ பெரியதோ, கரையில் இருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் கடல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. மீன் உள்ளிட்ட வளங்களுக்கான பொருளாதார மண்டலம் 200 கடல் மைல் வரை போகும். மனிதர் வாழ முடியாத பாறைகளுக்கு மட்டும் இந்த 200 மைல் உரிமை கிடையாது.

பாக் நீரிணையில் அதுக்கெல்லாம் இடமில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கி.மீ.தான். ரெண்டு பக்கமும் 12 மைல் எடுத்தாலே ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அதனால பேசித்தான் கோடு போட வேண்டியிருந்தது.

கோடு எப்போது போடப்பட்டது?

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பாக் நீரிணை எல்லையை வகுத்தது. 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லைகள் முடிவாகின. இதுதான் மீனவர்கள் சொல்லும் ஐ.எம்.பி.எல்., அதாவது சர்வதேச கடல் எல்லைக் கோடு.

புதுக்கோட்டைக்கு என்ன சிக்கல்?

மாவட்டத்தின் கடற்கரை சுமார் 42 கி.மீ. எதிரே இருப்பது திறந்த கடல் இல்லை; ஆழம் குறைந்த, குறுகிய பாக் நீரிணை. விசைப்படகு கொஞ்ச நேரம் ஓடினாலே கோடு வந்துவிடும். தாண்டினால் எதிர்ப்படுவது இலங்கையின் பெருநிலம் அல்ல, நெடுந்தீவு கடல். கைதானவர்களை ஆஜர்படுத்தும் ஊர்காவற்றுறை நீதிமன்றம் இருப்பதும் வேலணைத் தீவில்தான்.

அந்தப் பக்கம் இருப்பவர்களும் தமிழ் மீனவர்களே. 2009-ல் போர் முடிந்த பிறகு முழுமையாகக் கடலுக்குத் திரும்பியவர்கள், இழுவை மடி தங்கள் வலைகளை அறுப்பதாகவும் மீன் குஞ்சுகளை அள்ளிப் போவதாகவும் சொல்கிறார்கள். இலங்கை 2017-ல் இழுவை மடிக்குத் தடை விதித்தது. 2018-ல் அத்துமீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தையும் பல மடங்கு உயர்த்தியது. ஆட்கள் விடுதலையாகி வந்தாலும் பல படகுகள் திரும்புவதில்லை. படகு போனா, அதை நம்பியிருக்கும் குடும்பங்களின் பிழைப்பும் போச்சு.

மாற்று வழி?

இழுவைப் படகுக்குப் பதில் ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகு தரும் திட்டம் 2017-ல் தொடங்கியது. அப்போது 80 லட்சம் ரூபாய் படகுக்கு மத்திய அரசு 50%, மாநில அரசு 20% மானியம் என்று இருந்தது. மீதி கடனும் மீனவர் பங்கும். ஆனா, காலையில் போய் மறுநாள் கரை திரும்பிப் பழகியவர்களுக்கு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குவது வேறு தொழில் மாதிரி. கடனும் பெரிய சுமை.

மேப்பில் இலங்கை ஒரே தீவாகத் தெரியலாம். கோட்டைப்பட்டினம் படகுக்கு இலங்கை தொடங்குவது நெடுந்தீவில்கூட இல்லை. அதற்கும் முன்னால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டில்.