பச்சிளங் குழந்தையின் உடைமைகள்: ஐம்படைத்தாலி முதல் பின்னலாடை வரை

பிறந்த குழந்தைக்கு என்னென்ன தேவை என்று இன்று ஓர் இளம் தாயிடமோ தந்தையிடமோ கேட்டால், கையில் ஒரு கடைப் பட்டியல் கிடைக்கும். படுக்கை, கொசுவலை, அரையாடை, உடுப்பு, பால் புட்டி, எண்ணெய், சோப்பு, கிலுகிலுப்பை என்று அது நீளும். இந்தப் பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தின் சமூகம் எதை அஞ்சியது, எதை விரும்பியது, யார் யாருக்குக் கடன்பட்டிருந்தது என்பதை அதன் அரண்மனைகளைவிடத் தொட்டிலைச் சுற்றிக் கிடந்த சிறு பொருள்கள் தெளிவாகச் சொல்லக்கூடும். கோவை – திருச்சி நெடுஞ்சாலையில் பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் இடையே உள்ள பொங்கலூரில் இருந்து இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சுற்றிலும் விசைத்தறிகள் காடாத் துணி நெய்கின்றன. சிறிது வடக்கே திருப்பூரில், கடல் கடந்த நாடுகளில் பிறக்கும் குழந்தைகளுக்கான உடுப்புகள் தைக்கப்படுகின்றன. உலகத்துத் தொட்டில்களோடு இத்தனை நெருங்கிய உறவுள்ள வட்டாரங்கள் அதிகம் இல்லை.

நம் இலக்கியத்தில் குழந்தையின் உடைமையாக முதலில் கண்ணில் படுவது ஆடையன்று, காப்பு. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடிய இடைக்குன்றூர் கிழார், புறநானூற்றின் 77 ஆம் பாடலில் அவனுடைய இளமையைக் காட்ட விரும்புகிறார். காலில் கிடந்த கிண்கிணியைக் கழற்றி வீரக்கழல் பூண்டவன், பாலுணவை விட்டு இன்றுதான் சோறு உண்டவன், ஆயினும் கழுத்துத் தாலியை இன்னும் களையாதவன் என்கிறார். இங்கே தாலி என்பது ஐம்படைத்தாலி. திருமாலின் சங்கு, சக்கரம், தண்டு, வில், வாள் ஆகிய ஐந்தின் சிற்றுருவங்களைக் கோத்துக் குழந்தையின் கழுத்தில் அணிவிப்பது. மணிமேகலையில், மழலை பேசும் வாயிலிருந்து வழியும் நீர் இந்த ஐம்படையை நனைக்கிறது. போர்க்கருவிகளின் மீது எச்சில் வடியும் அந்தக் காட்சியைவிடக் குழந்தைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

அடுத்து வருவது விளையாட்டுப் பொருள். பட்டினப்பாலையில், நெல்லைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த கனத்த காதணி, சிறுவர்கள் உருட்டிச் செல்லும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. அதே கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் ஏறிச் செல்ல முடியாத விளையாட்டுத் தேரை உருட்டித் தளர்ந்த பிள்ளைகளைக் காட்டுகிறார். அவர்கள் செவிலியிடம் பாலுண்டு உறங்கிப்போகிறார்கள். குறுந்தொகை 61 ஆம் பாடலிலும் தச்சன் செய்த சிறு வண்டியைக் கையால் இழுத்து மகிழும் பிள்ளைகள் உண்டு. இன்று நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்கும் மூன்று சக்கர நடைவண்டியைப் பார்க்கும்போது, இந்தத் தேர்கள் நினைவுக்கு வராமல் போவதில்லை. இந்தச் செய்திகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேரைச் செய்தவன் தச்சன், பாலூட்டியவள் செவிலி. குழந்தையின் பொருள்களுக்குப் பின்னால் எப்போதும் இன்னொருவரின் உழைப்பு இருந்திருக்கிறது.

பச்சிளங் குழந்தையின் பொருள்களை முறையாக அடுக்கிய பட்டியல் ஒன்றைத் தமிழில் தேடினால், பெரியாழ்வாரிடம் செல்ல வேண்டும். அவருடைய திருமொழியில் யசோதையாகத் தன்னைப் பாவித்துக் கண்ணனைத் தாலாட்டும் பதிகம், ஒரு வகையில் பிறந்த வீட்டுக்கு வந்த சீர்வரிசைக் கணக்கு. மாணிக்கமும் வயிரமும் இழைத்த பொன் தொட்டிலைப் பிரமன் அனுப்புகிறான். இந்திரன் கிண்கிணியோடு வந்து நிற்கிறான். குபேரன் ஐம்படையும் ஆரமும் கொண்டுவருகிறான். வருணன் முத்தும் பவளமும் வளையும் தருகிறான். உடலில் பூசும் நறுமணப் பொடி, மஞ்சள், கண்ணுக்கு மை ஆகியவற்றைக் கொண்டு துர்க்கை வாசலில் நிற்கிறாள். தெய்வங்களின் பெயர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எந்த வீட்டுக்கும் தெரிந்த பொருள்கள்தாம்: படுக்க ஒன்று, காலுக்கும் கைக்கும் அணி, காப்பு, குளிப்பாட்டும் பொடி, மை. இந்தப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. ஆயர் குடியின் ஓர் எளிய தாய் எதையும் விலைக்கு வாங்கவில்லை. உலகமே அவள் வீட்டுக்குச் சீர் கொண்டு வருகிறது. தாய்மாமன் அரைஞாண் கொண்டுவருவதும், பிறந்த வீடு தொட்டில் கொண்டுவருவதும் இதே நினைப்பின் மனித அளவுதான்.

பெரியாழ்வார் இட்ட விதை, 12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழில் தனி இலக்கிய வகையாக முளைத்தது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் எனப் பத்துப் பருவங்கள். 3 ஆம் மாதத்தில் தொடங்கி 21 ஆம் மாதம் வரை, ஒற்றைப்பட்ட மாதங்களில் பருவங்களை வைத்து எண்ணுவது பொதுவான வழக்கு. அப்படியானால் முதல் இரண்டு மாதங்கள்? இலக்கணம் அங்கே மௌனமாக இருக்கிறது. அந்த மௌனத்துக்குக் காரணம் அச்சமாகவும் இருக்கலாம் என்பது என் ஊகம். குழந்தை இறப்புக்கு வாய்ப்பு மிகுதியாக உள்ள காலம் பிறந்த முதல் 28 நாட்கள் என்பது இன்றைய மருத்துவமும் சொல்வது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறு அளவில் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 2020 ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் அந்த எண் 13. முதற் பருவத்துக்குக் ‘காப்பு’ என்று பெயர் வைத்தவர்களின் கவலையை இந்த எண்களுக்கு இடையே படித்துக்கொள்ளலாம்.

புலவர்கள் பாடாத அந்த இரண்டு மாதங்களைக் கிழவிகள் நிரப்பினார்கள். அவர்களுடைய பொருள்கள் மிகச் சில. முதலாவது பழந்துணி. பல குடும்பங்களில் பிறந்த குழந்தைக்குப் புத்தாடை உடுத்துவதில்லை. பலமுறை துவைத்து நைந்த வேட்டியோ சேலையோதான் முதல் ஆடை. பழம் பருத்தி மென்மையானது, ஈரத்தை உறிஞ்சுவது. அதோடு, நீண்ட நாள் வாழ்ந்தவரின் துணி என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது தூளி. ஏணை என்று பழைய சொல் ஒன்றும் உண்டு. ஒரு பழஞ்சேலை, விட்டத்தில் ஒரு கயிறு, துணி குழந்தையின் முகத்தை மூடாமல் விரித்துப்பிடிக்க ஒரு தொட்டில் கட்டை, அவ்வளவுதான். வயலில் மரக்கிளை, கட்டட வேலையில் சாரம், தறிக்குடிலில் உத்தரம் என்று தாய் போகுமிடமெல்லாம் தூளியும் போயிற்று. சமதளமான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு என்கிறது இன்றைய மருத்துவம். அதை ஏற்க வேண்டும். ஆனால் தரையில் பூரானும் தேளும் ஊர்ந்த காலத்தில், குழந்தையைத் தரையிலிருந்து மூன்றடி உயர்த்திய அந்தத் துணியின் அறிவையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது சங்கு. மூக்கு நீண்ட பாலாடையைத்தான் நாம் சங்கு என்கிறோம். கடற்சங்கின் இடத்தைப் பித்தளையும் வெள்ளியும் எவர்சில்வரும் பிடித்துக்கொண்டபோதும் பெயர் மாறவில்லை. புட்டி வந்தபோது அது நாகரிகமற்றது எனப்பட்டது. பிறகு நிலைமை திரும்பியது. இந்தியாவில் 1992 ஆம் ஆண்டுச் சட்டம் பால் மாவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதைத் தடுத்தது. உறிஞ்சிக் குடிக்க இயலாத குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைப் பாலாடையால் புகட்டும் முறை மருத்துவமனைகளிலேயே நிலைத்தது. எளிதில் கழுவிக் கொதிக்கவைக்க முடிவதே அதன் பெரிய தகுதி. எல்லாப் பழமையும் இப்படித் தேறியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல அஞ்சிப் ‘பிள்ளை வளர்ப்பான்’ எனப்பட்ட வசம்பைக் கையில் வளையாகக் கட்டலாம். அதை இழைத்து நாக்கில் தடவுவதை இன்றைய குழந்தை மருத்துவர்கள் ஏற்பதில்லை. கண்மையும் அப்படியே.

தொட்டில் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு பொருளும் வந்து சேர்ந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992 ஆம் ஆண்டு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. வளர்க்க விரும்பாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசு வைத்த தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்பது அதன் ஏற்பாடு. 2001 ஆம் ஆண்டு அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிந்தது. பிரமன் அனுப்பிய பொன் தொட்டிலைப் பாடிய மொழியில் இப்படியொரு தொட்டிலும் தேவைப்பட்டது என்பதை, இலக்கியம் படிப்போர் மறந்துவிடக் கூடாது.

அரசு சீர் கொண்டுவரும் மரபுக்குப் பின்லாந்து ஒரு பேர்பெற்ற எடுத்துக்காட்டு. அங்கே 1938 ஆம் ஆண்டு முதல் ஏழைத் தாய்மாருக்கு ஆடைகளும் துணிகளும் அடங்கிய அட்டைப் பெட்டி வழங்கப்பட்டது. 1949 இல் அது எல்லாத் தாய்மாருக்கும் உரியதாயிற்று. கருவுற்ற நான்கு மாதத்துக்குள் மருத்துவச் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. பெட்டியின் அடியில் ஒரு மெத்தை. பல குழந்தைகளுக்கு அந்தப் பெட்டியே முதற் படுக்கை. தமிழ்நாட்டில் 2015 ஆம் ஆண்டு, அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்காக 16 பொருள்கள் கொண்ட ‘அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம்’ தொடங்கப்பட்டது. துண்டு, உடுப்பு, படுக்கை, வலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, கை கழுவும் திரவம் ஆகியவற்றோடு தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதில் இருந்தது. ஐம்படைத்தாலியின் இடத்தில் வலையும் கை கழுவும் திரவமும் வந்து நிற்பதைக் காணலாம். காப்பு அதேதான், எதிரி யாரென்று மட்டும் இப்போது தெரிந்திருக்கிறது.

இனித் திருப்பூருக்கு வருவோம். 1970களில் ஏற்றுமதியில் காலூன்றிய பனியன் தொழில், 1990 இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்த பிறகு வேகம் கண்டது. அவிநாசியைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்.பி. அப்பேரல்ஸ் போன்றவை குழந்தைகளின் பின்னலாடைகளையே முதன்மையாகச் செய்து அனுப்புகின்றன. குழந்தை உடுப்பு தைப்பது பெரியவர்களின் பனியன் தைப்பதைவிடக் கடினம். துணி சிறியது, வளைவுகள் அதிகம், பிசிறு சிறிதும் இருக்கக் கூடாது. தோள்பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியும் கழுத்து அமைப்பு, உடுப்பைத் தலைவழியாக அல்லாமல் கால்வழியாகவும் கழற்ற இடம் தருகிறது. அழுத்துப் பித்தான் இழுத்தால் வரக் கூடாது. வந்தால் குழந்தை விழுங்கிவிடும். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளும் கிடைத்தால்தான் தையல்காரருக்குப் புது ஊசி தருவார்கள். கட்டி முடித்த உடுப்பு ஊசி காட்டும் கருவிக்குள் சென்று வர வேண்டும். தொப்பியில் கயிறு வைக்க ஐரோப்பிய விதிகள் இடந்தருவதில்லை. உடுப்பின் கழுத்தில் உள்ள அளவுச்சீட்டோ மாதங்களால் ஆனது: 0–3, 3–6, 6–9, 9–12. ஒட்டக்கூத்தர் வழியில் வந்தோர் குழந்தையை மாதத்தால் அளந்தார்கள். கட்டிங் மாஸ்டரும் மாதத்தால்தான் அளக்கிறார். இவருடைய கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது என்பது ஒன்றே வேறுபாடு.

குழந்தை துணியை வாயில் வைக்கும் என்பதால் சாயத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. தீங்கு தரும் சில அசோ சாயங்களை ஜெர்மனி 1990களின் நடுவில் விலக்கியது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளும் மாறின. துணி தூய்மையானது. ஆனால் துணியைக் கழுவிய நீர் நொய்யலில் இறங்கியது. 1992 இல் பாசனத்துக்கென அமைந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளியேற்றாத சுத்திகரிப்பு முறையை ஏற்ற பின்னரே அவை திரும்ப இயங்கின. எங்கோ ஒரு குழந்தையின் வாய்க்குப் பாதுகாப்பான துணியைத் தந்த ஊரில், இங்குள்ள குழந்தைகள் குடிக்க வேண்டிய நீருக்கு வழக்கு மன்றம் செல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு கணக்கும் மிச்சமிருக்கிறது. அந்த உடுப்புகளைத் தைப்பவர்களில், கைமடி வேலை பார்ப்பவர்களில், பிசிறு வெட்டுபவர்களில் பெண்கள் பெரும் பகுதி. அவர்களுக்கும் குழந்தைகள் பிறக்கின்றன. ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்பைக் காதர்பேட்டையில் மலிவாக வாங்கிவிடலாம், பொருளுக்குக் குறைவில்லை. குறைவது நேரம். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1961 ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தந்தது. 2017 ஆம் ஆண்டுத் திருத்தம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை 26 வாரமாக்கி, ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. பெரிய ஆலைகளில் இவை ஓரளவு நடக்கின்றன. பத்துத் தையல் எந்திரங்களோடு வாடகைக் கட்டடத்தில் ஓடும் கூலித் தையல் கூடத்துக்கும், வீட்டோடு சேர்ந்த தறிக்குடிலுக்கும் எந்த வரம்பும் எட்டுவதில்லை. பேறு முடிந்து திரும்பும் பெண் குழந்தையை ஊரில் தன் தாயிடம் விடுகிறாள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவளுக்கு அந்த ஊர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது.

புறநானூற்றுக் காலம் முதல் அரசுப் பெட்டகம் வரை நாம் கண்ட எல்லாப் பட்டியல்களிலும் சொல்லாமலே இருந்த ஒரு பொருள் உண்டு: பொருள்களைக் குழந்தைக்குப் பயன்படுத்தக் கூடவே இருக்கும் ஒருவர். பெரும்பாணாற்றுப்படையில் அவள் செவிலி, திருமொழியில் யசோதை, தூளிக்கருகில் கிழவி. கூட்டுக்குடும்பம் தளர்ந்து வேலை நேரம் நீண்ட பின் அந்த இடம் காலியாகியிருக்கிறது. அதை எந்தக் கடையும் விற்பதில்லை. பொங்கலூர் போன்ற ஊர்களில் தையல் கூடங்கள் சில ஒன்றுசேர்ந்து, நடந்து செல்லும் தொலைவில் பொதுவான ஒரு காப்பகம் நடத்தினால், அங்கே ஐந்தாறு தொட்டில்களும் பாலூட்ட ஓர் அறையும் இருந்தால் போதும். மாணிக்கம் இழைக்க வேண்டியதில்லை.