பாரிஸ் வழியாக வந்த பேய்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பெயினுக்கு அயல்நாட்டு அமானுஷ்யக் கதைகள் நேர்வழியில் வந்து சேரவில்லை. ஜெர்மானிய எழுத்தாளர் ஹாஃப்மன் 1822இல் மறைந்தார். 1829 முதல் லோவ்-வெமார் பாரிஸில் வெளியிட்ட பிரெஞ்சு மொழிபெயர்ப்புகளே அவரை ஸ்பானிய வாசகரிடம் சேர்த்தன. அமெரிக்கரான எட்கர் ஆலன் போவுக்கும் அதே பாதைதான் வாய்த்தது. 1856இல் கவிஞர் போதலேர் அவர் கதைகளைப் பிரெஞ்சில் தொகுத்து வெளியிட்ட பிறகே மாட்ரிட்டில் அவர் பெயர் பரவலாகப் பேசப்பட்டது.

ஹாஃப்மன் தாமதமாக வந்ததற்குக் காரணம் உண்டு. மன்னர் ஏழாம் ஃபெர்னாண்டோ 1833இல் இறக்கும்வரை தணிக்கையின் கெடுபிடி தளரவில்லை. சமய விசாரணை மன்றம் அடியோடு ஒழிக்கப்பட்டதே 1834இல்தான். அந்தக் கெடுபிடிக்கிடையே 1831இல் ஸ்பானியரான பெரெஸ் சரகோசா வெளியிட்ட திகில் கதைத் தொகுதிகள் பெரும்பாலும் பிரெஞ்சுத் தழுவல்கள். அவற்றில் ரத்தம் உண்டு, கலை குறைவு.

ஹாஃப்மன் மோகம் பரவிய காலத்துக்குப் பின் எழுத வந்த ஸ்பானிய எழுத்தாளர் பெக்கெர், தம் மண்ணின் பழங்கதைகளையே நாடினார். 1861இல் வெளிவந்த 'ஆன்மாக்களின் மலை' சோரியா ஊரில், கல்லறைத் திருநாள் இரவில் நடக்கிறது. பெயாத்ரிஸ் மலையில் தொலைத்த நீலப் பட்டையை எடுத்துவர அலோன்சோ போகிறான், திரும்பவில்லை. விடிந்ததும் அந்தப் பட்டை, கிழிந்து ரத்தக் கறையோடு, அவள் கட்டிலருகே கிடக்கிறது. அழகான கதை. ஆனால் இதன் அச்சம் ஊரார் ஏற்கெனவே நம்பிய அச்சம்.

நம்பாதவனையும் நடுங்கவைக்கும் கலையை இன்னொரு ஸ்பானிய எழுத்தாளரான அலார்கோன் போவிடம் கற்றார். 1858இல் அவர் போவைப் பற்றி எழுதிய கட்டுரை, பகுத்தறிவைக் கொண்டே விந்தையைக் கட்டியெழுப்பும் திறனைச் சரியாக இனங்கண்டது. அந்தப் பாடம் படைப்பாகக் கனியக் கால் நூற்றாண்டு பிடித்தது. 1882இல் வந்த 'நம்பமுடியாக் கதைகள்' தொகுப்பில் உள்ள 'உயரமான பெண்' கதையில் கோட்டையும் இல்லை, மலையும் இல்லை. நாயகன் தெலெஸ்ஃபோரோ படித்த பொறியாளன். மாட்ரிட்டின் ஹார்தினெஸ் தெருவில், பின்னிரவில், பல்லில்லாத வாயும் கையில் சின்னஞ்சிறு விசிறியுமாக ஒரு நெட்டைக் கிழவி அவனை எதிர்கொள்கிறாள். அவளைக் கண்டபின் தந்தை இறந்த செய்தி வருகிறது; மறுபடி கண்டபோது மணமுடிக்கவிருந்தவளை இழக்கிறான். கடைசியில் அவன் அடக்கத்தின்போதும் அவள் இடுகாட்டில் நிற்கிறாள். அவள் யார் என்பதை அலார்கோன் சொல்வதேயில்லை.

மொழிபெயர்ப்புகளின் எண்ணிக்கையை வைத்து போவுக்குக் கிடைத்த வரவேற்பை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்பெயின் போவைச் செரித்துக்கொண்டதற்கு இந்த ஒரு கதையே போதிய சான்று.