கோழித் தீவனத்தில் மூலிகை

சேவற்கொடியோனை வணங்கும் நாட்டில் கோழியின் பெருமையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதன் தீவனத்தைப் பற்றிய ஒரு சிறு வரலாறு. மஞ்சளும் மிளகும் பூண்டும் கோழியின் உணவைவிட்டு ஏன் விலகின, இப்போது எதற்காகத் திரும்பி வருகின்றன என்பதே அவ்வரலாறு. அது கோழியோடு முடிந்துவிடுவதன்று; மருத்துவமனைக் கட்டிலிற் கிடக்கும் நோயாளிவரை வந்து நிற்பது.

நம் முன்னோர் வளர்த்தது முற்றத்துக் கோழி. சிந்திய கம்பையும் நொய்யையும் அது பொறுக்கும். குப்பையைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்னும். பானையில் சாணமும் வைக்கோலும் இட்டுக் கவிழ்த்துவைத்து, குஞ்சுகளுக்கென்று கறையான் உண்டாக்கிக் கொடுப்பதும் உண்டு. கோழி சோர்ந்து நின்றால் சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள் முதலியவற்றை அரைத்து உருட்டி ஊட்டுவார்கள். ஆயினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. வெள்ளைக் கழிச்சல் ஊருக்குள் புகுந்துவிட்டால் இவ்வுருண்டைகளால் கோழிகளைக் காத்தல் அரிது. இராணிகேத் நோய் என்று பெயர்பெற்ற அக்கொடிய பிணியை அடக்கியது தடுப்பூசியே.

இறைச்சிக்கென்றே கோழியைக் கூட்டமாக வளர்க்கும் தொழில் அமெரிக்காவில் தோன்றியது. 1923ஆம் ஆண்டில் டெலவேர் மாநிலத்தில் சிசிலி ஸ்டீல் என்ற அம்மையார் ஐம்பது குஞ்சுகள் கேட்க, தவறுதலாக ஐந்நூறு வந்து சேர்ந்தன. அவர் அவற்றைத் திருப்பி அனுப்பாமல் வளர்த்து இறைச்சிக்கு விற்றார்; அதிலிருந்து ஒரு தொழில் வளர்ந்தது. 1925இல் அந்நாட்டுக் கோழி ஏறத்தாழ 1.1 கிலோ எடையை அடைய 112 நாட்கள் ஆயின. 1950இல் எழுபது நாட்களில் 1.4 கிலோ எட்டிற்று. இன்றோ ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. இவ்வளர்ச்சிக்கு இனவிருத்தியும் சத்துணவுமே பெருங்காரணங்கள். ஆனால் இடையே வேறொன்றும் வந்து கலந்தது.

அதில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. எல்லப்பிரகட சுப்பாராவ் என்ற மேதையை நேயர்கள் அறிந்திருக்கலாம். பீமாவரத்திற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற அவர், சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார். பின்னர் 1922இல் அமெரிக்கா சென்றார். லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிக்கு அவர் தலைமை தாங்கிய காலத்தில்தான், அங்கே பெஞ்சமின் டக்கர் மிசௌரி மண்ணிலிருந்து கிடைத்த ஒரு நுண்ணுயிரியைக் கொண்டு ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டார். அது 1948இல் வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் சுப்பாராவ் மறைந்தார்.

அவ்வாண்டின் முடிவில் அதே ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக்குஞ்சுகளுக்கு மலிவான பி-12 உயிர்ச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தனர். மருந்து செய்தபின் எஞ்சிய சக்கையைத் தீவனத்திற் கலந்து கொடுத்தபோது, பி-12 மட்டும் உண்ட குஞ்சுகளைவிட இவை மிகுதியாக வளரக் கண்டனர். சக்கையில் தங்கியிருந்த மருந்தே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1951இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. நோயுற்ற கோழிக்கு மட்டுமின்றி, நோயற்ற கோழிக்கும் நாள்தோறும் சிறு அளவில் நுண்ணுயிர்க்கொல்லி ஊட்டும் வழக்கம் உலகெங்கும் பரவியது. அரைத்து உருட்டிய மூலிகை அதன்முன் நிற்க முடியவில்லை. ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒவ்வொன்றாக வாயில் ஊட்ட யாரால் இயலும்?

ஆனால், சிறு அளவில் இடைவிடாது மருந்தைச் சந்திக்கும் நுண்ணுயிர்கள் அதற்கு அடங்காத தன்மையைப் பெறுகின்றன. குறைந்த அளவு மருந்தால் இக்கேடு விளையும் என்பதை 1945ஆம் ஆண்டின் நோபல் சொற்பொழிவிலேயே அலெக்சாண்டர் பிளெமிங் எச்சரித்திருந்தார். 1969இல் இங்கிலாந்தில் சுவான் குழு தீவன மருந்துகளைக் கட்டுப்படுத்தச் சொல்லிற்று. சுவீடன் 1986இல் வளர்ச்சிக்காக ஊட்டுவதை விலக்கியது; 2006 ஜனவரி முதல் நாளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அது விலக்கப்பட்டது. வேறு மருந்து பயனளிக்காதபோது மருத்துவர் கையிலெடுக்கும் கடைசி ஆயுதங்களுள் ஒன்றாகிய கொலிஸ்டினை, உணவுக்கென வளர்க்கும் உயிர்களுக்குத் தரலாகாது என்று 2019 ஜூலையில் இந்திய அரசு தடை செய்தது.

அஞ்சறைப் பெட்டியின்பால் உலகம் திரும்பியது இவ்வாறுதான். ஓமத்திலுள்ள தைமால் நுண்ணுயிரின் மெல்லிய உறையைச் சிதைக்கிறது. இலவங்கப்பட்டையின் எண்ணெய்க்கும் பூண்டின் அல்லிசினுக்கும் நுண்ணுயிர்களை ஒடுக்கும் ஆற்றல் உண்டு. மஞ்சளின் குர்குமின் வீக்கத்தைத் தணிக்க வல்லது. கோழியின் குடலில் தீய நுண்ணுயிர் குறைந்தால் உண்ட உணவு உடம்பில் ஒட்டும் என்பதே இம்முறையின் கருத்து.

எனினும் மூலிகை என்ற சொல்லைக் கேட்டவுடன் மயங்குதல் நன்றன்று. மூலிகையின் சத்து மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். ஓரிடத்துச் சோதனையில் நற்பயன் தந்தது மற்றோரிடத்தில் தராமற் போவதும் உண்டு. ஈரத்திற் கிடந்து பூசணம் பூத்த பொடி, கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சையும் தீவனத்திற் சேர்த்துவிடும். டென்மார்க்குக் கோழிப் பண்ணையாளர் 1998இல் வளர்ச்சி மருந்துகளைத் தாமே கைவிட்டபோது, தீவனச் செலவு மிகச் சிறிதே கூடியது; இறைச்சி விளைவு குறையவில்லை. தூய கொட்டகை, உலர்ந்த தரை, நல்ல காற்று, காலத்திற் போட்ட தடுப்பூசி ஆகியவை உள்ள இடத்தில் அம்மருந்தின் தேவையே சுருங்கிவிடுகிறது என்பதைத்தான் நான் இதிலிருந்து அறிகிறேன். மூலிகை அங்கே துணை நிற்கும். அழுக்கேறிய கொட்டகையை எந்த மூலிகையும் காக்காது.

பண்ணையாளர் மஞ்சளையோ ஓமத்தையோ தீவனத்திற் சேர்க்க விரும்பினால், முதலில் ஒரு பகுதிக் கோழிகளுக்கு மட்டும் கொடுத்து, எடையையும் தீவனச் செலவையும் குறித்துவைத்து, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நோய் கண்டால் கால்நடை மருத்துவரை நாடட்டும். நோயாளியின் உயிரைக் காக்க வேண்டிய மருந்தைக் கோழியின் எடையைக் கூட்டுவதற்காகச் செலவிட்டு வீணாக்குவது எவ்வகையிலும் முறையாகாது.