ஏழு பகல், ஆறு இரவு: ஜமைக்காவுக்கு ஒரு பயணத் திட்டம்

கரீபியன் தீவு ஒன்றுக்கு விடுமுறை போகத் திட்டம் போடுவது பெரிய காரியமில்லை. மொத்தம் ஐந்து கேள்விகள். எந்த மாதம் போகலாம்? எப்படிப் போகலாம்? எங்கே தங்கலாம்? என்ன சாப்பிடலாம்? எந்தக் கடற்கரையில் குளிக்கலாம்? யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வரும். டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் போங்க, ஆறு இரவு ஏழு பகல் பேக்கேஜ் எடுங்க, ரிசார்ட்டிலேயே எல்லாம் இருக்கு, வெளியே அலைய வேண்டியதில்லை.

இந்தப் பதில்கள் ஏன் இவ்வளவு தயாராக இருக்கின்றன என்று கேட்டால்தான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. ஜமைக்காவை எடுத்துக்கொள்வோம். பாப் மார்லி, உசைன் போல்ட், சபைனா பார்க் மைதானம் என்று நமக்கு ஓரளவு பழகிய தீவு. அதற்கு ஒரு பயணத் திட்டம் போட்டுப் பார்ப்போம், கேள்வி கேள்வியாக.

எந்த மாதம்?

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை வானம் தெளிவு, மழை குறைவு, வடக்கே அமெரிக்காவிலும் கனடாவிலும் பனி. அதனால் அதுதான் 'சீசன்'. அறை வாடகை ஏறும் காலமும் அதுவே.

இதே மாதங்களுக்கு ஜமைக்காவில் இன்னொரு அர்த்தமும் இருந்தது. மழை ஓய்ந்ததும் கரும்பு வெட்டு தொடங்கும். ஆங்கிலேயர்கள் 1655இல் ஸ்பெயினிடமிருந்து தீவைப் பிடித்த பிறகு, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளை வைத்துக் கட்டியெழுப்பிய தொழில் சர்க்கரை. வெட்டிய கரும்பு காத்திருக்காது, உடனே ஆலைக்குப் போக வேண்டும். ஆகவே வெட்டுக் காலத்தில் இரவும் பகலும் வேலை. அதற்கு முன்னால் கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் சில நாள் ஓய்வு.

அந்த ஓய்வு நாட்களைத்தான் சாம் ஷார்ப் தேர்ந்தெடுத்தார். அவர் மான்டிகோ பே வட்டாரத்தில் அடிமையாக இருந்தவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், பாப்டிஸ்ட் சபையில் ஊழியம் செய்தவர். அவர் போட்ட திட்டம் எளிமையானது. 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் யாரும் வேலைக்குத் திரும்பக் கூடாது, கூலி கொடுத்தால்தான் கரும்பில் கை வைப்போம். நம் பாஷையில் சொன்னால் ஸ்டிரைக். ஆனால் டிசம்பர் 27ஆம் தேதி இரவு கென்சிங்டன் தோட்டத்தில் தீ எரிந்தது. அடுத்தடுத்து மலைச்சரிவெங்கும் தோட்டங்கள் எரிந்தன. வேலை நிறுத்தம் கலகமாக மாறியது. கொல்லப்பட்ட வெள்ளையர்கள் 14 பேர். சண்டையில் சுமார் 200 அடிமைகள் இறந்தார்கள். அது அடங்கிய பிறகு விசாரணை என்ற பெயரில் 300க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். 1832 மே 23 அன்று மான்டிகோ பே சந்தைவெளியில் சாம் ஷார்ப்பைத் தூக்கிலிட்டார்கள்.

அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டம் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. 1838 ஆகஸ்ட் 1 வரை அவர்கள் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் பழைய எஜமானர்களுக்கே உழைக்கவும் வேண்டியிருந்தது.

சரி, டிசம்பர் கடைசி வாரம் என்று குறித்துக்கொள்வோம்.

எப்படிப் போவது?

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. லண்டன், நியூயார்க், டொரன்டோ மாதிரி ஏதாவது ஒரு ஊரில் இறங்கி ஏற வேண்டும். இந்த வழித்தடங்களைப் பார்த்தாலே தீவு எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பது புரிந்துவிடும்.

19ஆம் நூற்றாண்டில் சந்தோஷத்துக்காக ஜமைக்கா போகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் வீட்டில் அழுதிருப்பார்கள். மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் அப்படி. அந்த நூற்றாண்டின் முற்பாதியில் ஜமைக்காவில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். மஞ்சள் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881இல் சொன்னார். அது நிரூபணமாக 1900 ஆகிவிட்டது.

இந்தத் தீவை உல்லாசத் தீவாக்கியது வாழைப்பழம். லோரன்சோ டௌ பேக்கர் என்ற மாசசூசெட்ஸ் கப்பல் கேப்டன் 1870இல் ஜமைக்காவிலிருந்து கொஞ்சம் வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு போய் அமெரிக்காவில் நல்ல லாபத்துக்கு விற்றார். அதுவரை அமெரிக்கர்கள் பலர் வாழைப்பழத்தையே பார்த்ததில்லை. 1885இல் பாஸ்டன் ஃப்ரூட் கம்பெனி உருவானது. 1899இல் அது யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியானது. மத்திய அமெரிக்காவில் அரசாங்கங்களையே ஆட்டிவைத்த அதே கம்பெனிதான்.

பழம் ஏற்ற வரும் கப்பலில் சில அறைகளைக் கட்டிவிட்டால் வரும்போதும் காசு, போகும்போதும் காசு. வெயிலில் சரக்கு சூடாகி பழுத்துவிடக் கூடாதென்று கப்பல்களுக்கு வெள்ளை வர்ணம் அடித்தார்கள். 'பெரும் வெள்ளைக் கப்பற்படை' என்று அதற்கு ஒரு பேரும் வைத்தார்கள். நாம் இன்று போஸ்டரில் பார்க்கும் 'நீலக் கடலில் வெள்ளைக் கப்பல்' என்ற படத்துக்குள் வாழைப்பழத்துக்கான ஏற்பாடும் இருக்கிறது. அந்தக் கப்பல்களில் வாழைப்பழம்தான் விருந்தாளி, பயணி வெறும் தொந்தரவு என்று ஒரு கேலிப்பேச்சும் உண்டு.

எங்கே தங்குவது?

வந்தவர்கள் தங்க இடம் வேண்டுமே. வாழைத் துறைமுகமான போர்ட் அன்டோனியோவில் டிச்ஃபீல்ட் ஹோட்டலை வாழைக் கம்பெனியே நடத்தியது. தலைநகர் கிங்ஸ்டனில் காலனி அரசு களமிறங்கியது. 1891 ஜனவரியில் அங்கே ஒரு சர்வதேசக் கண்காட்சி. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராகப்போகும் இளவரசர் வந்து திறந்துவைத்தார். கண்காட்சிக்கு வருகிறவர்களுக்காக ஹோட்டல் கட்டுவோரின் கடனுக்கு அரசே உத்தரவாதம் தரும் சட்டத்தை 1890இலேயே போட்டிருந்தார்கள். கண்காட்சியை 3 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஆனால் தொடக்கத்தில் கிராமத்து மக்கள் அந்தப் பக்கம் போகவே தயங்கினார்கள். எல்லோரையும் ஒரே இடத்துக்கு வரவைத்துத் திரும்பவும் அடிமையாக்கத்தான் இந்த ஏற்பாடு என்று ஒரு வதந்தி. படிக்கும்போது சிரிப்பு வரலாம். விடுதலையாகி அப்போது 53 வருடம்தான் ஆகியிருந்தது. அடிமையாகப் பிறந்த பாட்டிகள் இன்னும் வீட்டில் இருந்தார்கள்.

விளம்பரத்துக்குப் படம் வேண்டும். ஸ்காட்லாந்தின் வாலன்டைன் நிறுவனம் 1891இல் புகைப்படக்காரரை அனுப்பியது. வாழைத்தோட்டம், தென்னை, தலையில் கூடையுடன் சுத்தமான உடையில் நிற்கும் பெண்கள். பயப்படாதீர்கள், இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்பதுதான் அந்தப் படங்கள் சொன்ன செய்தி. கிரிஸ்டா தாம்சன் என்ற கலை வரலாற்றாய்வாளர் ஜமைக்கா, பஹாமாஸ் தீவுகளில் இந்தப் படங்கள் உருவான கதையை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். படம் போல் தீவு இல்லாவிட்டால், தீவைப் படம் போல் மாற்றினார்கள் என்பது அதன் சாரம்.

கிங்ஸ்டனின் பெரிய ஹோட்டல் மிர்ட்டில் பேங்க். அங்கே கறுப்பர்கள் நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் யாரும் இறங்கியதில்லை. 1948இல் ஈவான் பிளேக் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் உள்ளே போய், உடையைக் களைந்துவிட்டுக் குளத்தில் குதித்தார். அவ்வளவுதான் செய்தார். குளத்திலிருந்த மற்றவர்கள் வெளியேறினார்கள். ஜமைக்காவின் நிறவெறி எதிர்ப்பு வரலாற்றில் அந்த ஒரு குதியலுக்கு இன்றும் இடமுண்டு.

சுதந்திரம் 1962இல் வந்தது. 1970களில் அரசியல் வன்முறை, 1976இல் அவசரநிலை. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ஜமைக்கா என்றாலே துப்பாக்கிச் செய்தி. ஹோட்டல்காரர்கள் கண்டுபிடித்த பதில் மதில் சுவர். சாப்பாடு, குடி, ஆட்டம், கடல் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம், கையில் ஒரு பட்டை, வெளியே போகவே தேவையில்லை. 1981இல் மான்டிகோ பேயில் தொடங்கிய சாண்டல்ஸ் இந்த முறையை உலகறியச் செய்தது. 'ரிசார்ட்டிலேயே எல்லாம் இருக்கு' என்ற நம் பேக்கேஜ் வாக்கியம் ஒரு பயத்தின் குழந்தை.

பழைய பங்களா வேண்டுமா? மான்டிகோ பே பக்கத்தில் ரோஸ் ஹால் இருக்கிறது. 1770களில் கட்டிய தோட்ட முதலாளி மாளிகை. இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுற்றிக்காட்டி, கணவர்களைக் கொன்ற 'வெள்ளைச் சூனியக்காரி' ஆன்னி பாமரின் பேய்க்கதை சொல்வார்கள். 1929இல் வந்த ஒரு நாவல் பிரபலமாக்கிய கதை அது. ஆவணங்களில் அதற்கு ஆதாரமில்லை. அந்தத் தோட்டத்தில் உழைத்த அடிமைகளின் பெயர்களுக்கோ ஆவணம் உண்டு. பேய்க்குத்தான் டிக்கெட் விற்கிறது. கல்யாணங்களும் நடக்கின்றன.

என்ன சாப்பிடுவது?

ஜமைக்காவின் தேசிய உணவு ஆக்கியும் உப்புமீனும். ஆக்கி மரம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் வந்தது. உப்புக் கருவாடு வட அமெரிக்காவிலிருந்து, அடிமைகளுக்குப் போட மலிவான புரதமாக வந்தது. கூடவே கறிப்பலா. அதை பசிபிக்கிலிருந்து கொண்டுவரப் போனபோதுதான் கேப்டன் பிளையின் 'பவுன்டி' கப்பலில் 1789இல் கலகம் வெடித்தது. மனிதர் விடவில்லை, இன்னொரு கப்பலில் போய் 1793இல் ஜமைக்காவில் சேர்த்துவிட்டார். நோக்கம் அதேதான், அடிமைகளுக்கு மலிவான சாப்பாடு. இன்று அதை நெருப்பில் சுட்டு ரசித்துச் சாப்பிடுகிறார்கள்.

மெனுவில் ஆட்டுக்கறிக் குழம்பும் இருக்கும். அதைப் பார்த்ததும் நமக்கு ஒரு சந்தோஷம் வரும். அது 1845 மே 10 அன்று ஓல்ட் ஹார்பர் பேயில் நின்ற 'பிளன்டெல் ஹன்டர்' கப்பலின் மிச்சம். விடுதலையான மக்கள் பழைய கூலிக்குக் கரும்பு வெட்ட மறுத்தபோது, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டுவந்தார்கள். 1917 வரை 36,000க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பெரும்பாலானோர் வட இந்தியர்கள், மதராஸிலிருந்து கப்பலேறியவர்களும் உண்டு. ஜமைக்கா என்றதும் பலருக்கு ஞாபகம் வரும் கஞ்சாவுக்கும் அங்கே பெயர் கஞ்சாதான். சொல்லும் அந்தக் கப்பல்களில்தான் போனது.

வாழை, கரும்பு, மாம்பழம், கறிப்பலா எதுவுமே அந்த மண்ணில் முளைத்ததில்லை. போஸ்டரில் சாய்ந்து நிற்கும் தென்னைகூட கொண்டுவந்து நட்டதுதான். 1494இல் கொலம்பஸ் வந்தபோது அங்கே வாழ்ந்த டைனோ மக்களும் நோயாலும் வேலையாலும் அழிக்கப்பட்டார்கள். நாம் 'இயற்கையின் சொர்க்கம்' என்று வியக்கும் காட்சி, பெருமளவு ஒரு தோட்டத்தின் காட்சி.

எந்தக் கடற்கரை?

கடைசிக் கேள்விதான் இன்னும் முடியாத கேள்வி.

மான்டிகோ பேயின் புகழ்பெற்ற டாக்டர்ஸ் கேவ் கடற்கரை 1906இல் ஒரு மருத்துவர் குளியல் கிளப்புக்காகக் கொடுத்த இடம். இன்றும் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தை விடுங்கள். 1956இல் காலனி அரசு கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்றைப் போட்டது. அலை ஏறி இறங்கும் கரையும் கடலடி நிலமும் மகுடத்துக்கு, அதாவது அரசுக்குச் சொந்தம். அதைப் பயன்படுத்த உரிமம் வேண்டும். சாதாரண ஜமைக்கர் ஒருவர் கரையில் நடக்கவோ கடலில் குளிக்கவோ பொதுவான உரிமை எதையும் அந்தச் சட்டம் தரவில்லை. ஆறு வருடத்தில் கொடி மாறியது. சட்டம் மாறவில்லை. வடகரை முழுக்க ஹோட்டல்கள் வரவர, தாத்தா மீன்பிடித்த இடத்தில் பேரனைக் காவலாளி நிறுத்துகிறார். பல சமயம் அந்தக் காவலாளியும் அதே ஊர்க்காரர்தான். அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இதை எதிர்த்து நீதிமன்றம் போகிறவர்கள் கையில் எடுக்கும் ஆயுதம் இன்னொரு காலனிச் சட்டம், 1882ஆம் ஆண்டின் நீண்டகாலப் பயன்பாட்டுரிமைச் சட்டம். ஒரு கடற்கரையை மக்கள் மீன்பிடிக்கவோ குளிக்கவோ 20 வருடம் தடையில்லாமல் பயன்படுத்தி வந்திருந்தால், அந்த உரிமை அவர்களுக்கு நிலைத்துவிடுகிறது. அதை நிரூபிக்கப் பட்டா தேவையில்லை. ஊர்ப் பெரியவர்களின் ஞாபகம் போதும். எந்தப் பாதை வழியாகப் போனோம், எந்தப் பாறையிலிருந்து குதித்தோம், வலையை எங்கே காயப்போட்டோம். சின்ன வயதில் கடலில் விளையாடியது நீதிமன்றத்தில் சாட்சியமாகிறது.

ஆகவே போக வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. சுற்றுலா நின்றால் முதலில் பட்டினி கிடப்பது அந்தக் காவலாளியின் வீடுதான். திட்டத்தில் ஒரு நாளை மட்டும் மாற்றலாம். கைப்பட்டையை அறையில் வைத்துவிட்டு மான்டிகோ பே நடுவில் இருக்கும் சாம் ஷார்ப் சதுக்கத்துக்குப் போகலாம். அவர் உயிர்விட்ட இடத்துக்கு இப்போது அவர் பெயர். அங்கே யாரிடமாவது, நீங்கள் எங்கே குளிப்பீர்கள் என்று கேட்கலாம். அவர்கள் கைகாட்டும் கரையில் ஒரு மதியம் இருந்துவிட்டு வரலாம்.

நம்மிடம் இருப்பது ஏழு பகல். அந்தக் கரை தங்களுடையது என்று சொல்ல அவர்களுக்கு 20 வருடம் வேண்டியிருக்கிறது, ஒரு நாளும் விடாமல்.