நெய்தல் மருதமான வரலாறு

கொல்கத்தாவில் குடியேறிய நம் குடும்பத்தார், லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயையும் கறிவேப்பிலையையும் கண்டால் ஊரையே கண்டாற்போல் மகிழ்வர். அதே பையில் வீடு வந்து சேரும் கீரையும் பூக்கோசும் எங்கே விளைந்தவை என்று நாம் கேட்பதில்லை. அவற்றுள் கணிசமான பகுதி நகரின் கிழக்கு எல்லையில், தாபா என்னும் இடத்தில் விளைவது. நகரத்துக் குப்பையை உரமாக்கி அங்கே காய்கறி பயிரிடும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது.

தாபாவை அடுத்துள்ள மீன் ஏரிகளின் வரலாறு அதனினும் வியப்புக்குரியது. கொல்கத்தா நிலம் ஹூக்ளி ஆற்றை நோக்கிச் சரியவில்லை, கிழக்கே சரிகின்றது. ஆதலின் நகரின் கழிவுநீர் கிழக்கிலிருந்த உவர்ச் சதுப்பை நோக்கியே சென்றது. கடலின் ஏற்றவற்றத்தோடு வித்யாதரி ஆறு உப்புநீரைக் கொணர்ந்த காலம் அது; அங்கே உவர்நீர் மீன்களே வளர்ந்தன. வண்டல் படிந்து படிந்து ஆறு தூர்ந்தது. 1928-இல் அது இறந்துவிட்டதென்று அரசே அறிவித்தது. (ஓர் ஆற்றின் இறப்பும் கோப்பில் பதிவாகும் என்பதை, கோப்புகளோடு வாழும் நாமும் அப்பொழுதுதான் அறிந்தோம்.) உப்புநீர் வரத்து நின்றபின், அவ்வூர் மீன் வளர்ப்போர் நகரின் கழிவுநீரையே ஏரிகளில் விட்டுப் பார்த்தனர். ரோகுவும் கட்லாவும் செழித்தன. நெய்தல் நிலம் மருதமாயிற்று. நம் இலக்கணத்தார் கூறும் திணைமயக்கம் அன்று இது; ஒரு தலைமுறைக்குள் ஒரு திணை மறைந்து மற்றொன்று தோன்றிய நிகழ்ச்சி.

முறை எளியது. ஆழங் குறைந்த ஏரியில் கழிவுநீரை அளவறிந்து விட்டு வெயிலில் நிறுத்துகின்றனர். நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. அதனை உண்டு பாசி வளர்கின்றது. பாசி உயிர்க்காற்றைத் தருகின்றது. பாசியை மீன் உண்கின்றது. கரையோரத்து ஆகாயத்தாமரை அலையைத் தடுத்து மண்ணைக் காக்கின்றது. தெளிந்து வடியும் நீர் நெல்வயலுக்குப் பாய்கின்றது. ஆகவே, மீன் உண்ணாத நம் வீடுகளும் இந்த ஏரிகளுக்குக் கடன்பட்டவையே.

கழிவுநீர் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகஞ்சுளிப்பர். அச்சம் முற்றிலும் பொய்யன்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்ததால் நேர்ந்த கேடு மெய்யே. 1996-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாலைகளை நகரிலிருந்து அகற்ற ஆணையிட்டது. ஆயினும் குற்றம் உழவனுடையதன்று, வெயிலால் சிதையாத நஞ்சைச் சாக்கடையில் கொட்டியவர்களுடையது என்பதே நம் கருத்து.

அரசுப் பொறியாளர் துருவஜோதி கோஷ் இம்முறையை ஆராய்ந்து உலகறியச் செய்தார், 2018-இல் மறைந்தார். 1992-இல் உயர்நீதிமன்றம் இந்நிலத்தைத் தூர்க்கத் தடை விதித்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006-இல் தனிச்சட்டமும் வந்தது. இருந்தும் ஓரங்கள் தூர்க்கப்படுவது ஓயவில்லை.

இதில் நமக்கும் பங்குண்டு. நம்மவர் பலர் குடியிருக்கும் சால்ட் லேக் நகரே, அந்த உவர் ஏரியின் வடபகுதியை 1962 முதல் ஹூக்ளியின் வண்டலால் மேடாக்கி எழுப்பியதுதான். கிழக்கே புதிய அடுக்குமாடிகளில் வீடு தேடும் நம் இளைஞர்கள் வாடகையைக் கேட்கின்றனர், தண்ணீர் வசதியைக் கேட்கின்றனர். முன்பு அவ்விடத்தில் என்ன இருந்தது என்று எவரும் கேட்டதாக நாம் அறியோம்.