பெயரற்ற குரல்கள்

திரைப்பட வரலாற்றை எழுதியோர் நடிகர்களையும் நெறியாளர்களையும் போற்றிய அளவுக்கு, உருவம் காட்டாது குரல் மட்டும் வழங்கியோரைக் கருத்திற் கொண்டாரல்லர். 1937 இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ வைட்' கார்ட்டூன் படத்தை உலகம் பாராட்டிற்று. ஆயின் அதன் நாயகிக்குக் குரல் தந்த ஏட்ரியானா கசெலோட்டியின் பெயர் திரையில் இடம்பெறவில்லை. இந்நிலை எவ்வாறு மாறிற்று என்பதை மெல் பிளாங்க் என்ற அமெரிக்கக் கலைஞரின் வாழ்வைக் கொண்டு நோக்கலாம்.

1908 இல் சான் பிரான்சிஸ்கோவிற் பிறந்த பிளாங்க், வானொலியிற் பயின்றவர். வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குக் கார்ட்டூன் தயாரித்தளித்த லியோன் ஷ்லெசிங்கரின் கலையகத்திற் சேர்ந்து, 1937 இல் திக்கிப் பேசும் போர்க்கி என்ற பன்றிக்கும் டஃபி என்ற வாத்துக்கும், 1940 இல் பக்ஸ் பனி என்ற முயலுக்கும் குரலானார். 'ஆயிரங் குரலோன்' என அவர் அழைக்கப்பட்டமை வியப்பன்று.

புகழ் வளர்ந்த அளவுக்கு ஊதியம் வளரவில்லை. சம்பள உயர்வு மறுக்கப்பட்டபோது, திரையில் தம் பெயரையாவது இடுமாறு பிளாங்க் கேட்டுப் பெற்றார். குரல்நடிகர் வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை எனலாம். எனினும் அதன் மறுபக்கமும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அப்படங்களிற் குரலுக்கான பெயர் பெரும்பாலும் பிளாங்கின் பெயராக மட்டுமே இருந்தது. முயலைத் துரத்தும் எல்மர் ஃபட் என்ற வேடனுக்கு 1959 இல் இறக்கும்வரை குரல் கொடுத்த ஆர்தர் கியூ. பிரையன், பெரும்பாலும் பெயரின்றியே உழைத்தார். ஒருவர் வென்ற சலுகை அனைவரின் உரிமையாகிவிடவில்லை.

குரலும் உடலுழைப்பே என்பதை 1961 சனவரியில் நேர்ந்த விபத்து உணர்த்திற்று. லொஸ் ஏஞ்சல்சில் கார் மோதிப் பிளாங்க் பல நாள் நினைவிழந்து கிடந்தார். 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரில் அவரது பாத்திரத்துக்கு டோஸ் பட்லர் சிலகாலம் குரல் கொடுத்தார். பின்னர் கட்டுடன் படுத்த படுக்கையிலேயே பிளாங்க் ஒலிப்பதிவு செய்தார். 1989 இல் அவர் மறைந்தார். முயலோ வேறு கலைஞரின் குரல்களில் இன்றும் பேசுகின்றது. பாத்திரத்தின் உரிமை நிறுவனத்துக்கே உரியது.

இறுவட்டுகள் பரவிய 1990களில் வீடியோ விளையாட்டுகளிலும் மனிதக் குரல் பெருகிற்று. அங்கு மணிக்கணக்காகக் கத்துவதும் மரண ஓலமிடுவதும் தொண்டையைக் கெடுத்தன. எந்த விளையாட்டுக்குப் பேசுகிறோம் என்பதை அறியாமலே ஒப்பந்தமாகும் நிலையும் இருந்தது. இவற்றை எதிர்த்து அமெரிக்க நடிகர் சங்கம் 2016 ஒக்ரோபரில் வேலைநிறுத்தத்தில் இறங்கிற்று. 2017 இல் மேலதிகக் கொடுப்பனவும், வேலையின் தன்மையை முன்னறியும் உரிமையும் ஒப்பந்தமாயின.

பின்னர் செயற்கை நுண்ணறிவு கலைஞரின் குரலையே போலியாக்கத் தொடங்கியபோது, 2024 யூலையில் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது. கலைஞரின் சம்மதமின்றி அவர் குரலைப் பிரதிசெய்தலைத் தடுக்கும் விதிகளுடன் 2025 இல் அது முடிவுற்றது.

பிளாங்க் தனியொருவராய்க் கேட்டது பெயர். பின்வந்தோர் கூட்டாகக் கேட்டது குரலின் உரிமை. தனித்திறமை ஒருவரை உயர்த்தும். ஒரு தொழிலையே உயர்த்துவது கூட்டுமுயற்சியே என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகின்றது.